மடித்து வைத்த கித்தான்

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எங்கே பெரிய 'ற' போடுவது, எங்கே சின்ன 'ர' போடுவது என்பது இன்றும் எனக்குச் சந்தேகம்தான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நேரிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது.

பதுளையில் லொறிகளுக்குக் கித்தான் கூரை தைக்கும் பட்டறைக்காரர்கள், மழை ஒழுகாமல் கித்தானுக்கு எண்ணெய் கொடுப்பது எப்படி என்று கேட்டார்கள். அதை மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த அரைப் பக்கத்தை நான் முழுதாகத் தெரிந்துகொள்வதற்குள் ஒரு குடும்பம் சிதறிப் போயிற்று. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேம்ப் வண்டி

பூனாகலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நான் பிறந்தேன். அங்கேயே வண்டிக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் பெரிய துரைக்கு அந்தத் தோட்டம் மட்டுமல்ல, கொஸ்லந்தைக்குக் கீழே புதிதாக ரப்பர் போட்ட காணிகளும் பொறுப்பில் இருந்தன. அங்கே அப்போது பங்களா கிடையாது. போனால் சில நாள் தங்க வேண்டும். அதற்காகத் துரை ஒரு வண்டி செய்வித்தார். அதைத்தான் கேம்ப் வண்டி என்போம்.

இரண்டு மாடு இழுக்கும் வண்டி. பலகையால் அடித்த நீளமான பெட்டி, அதன் மேல் இரும்பு வளையங்களில் இழுத்துக் கட்டிய கித்தான் கூண்டு. உள்ளே ஒரு பக்கம் துரை படுக்கும் பலகைக் கட்டில், எதிர்ப் பக்கம் தட்டுகள். பின்கதவைக் கீழே இறக்கினால் அதுவே சாப்பாட்டு மேசை. இதைத் தவிர, வண்டியை நிறுத்திய இடத்தில் பக்கவாட்டில் கட்டுவதற்கு ஒரு பெரிய தனிக் கித்தான் உண்டு. அதைத் தாழ்வாரம் என்போம். அதன் அடியில்தான் சமையல், எங்கள் படுக்கை எல்லாம்.

வண்டிக்குள் சாமான் அடுக்குவது என் வேலை. பாரமானது இருசுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பின்னால் பாரம் போனால் மேட்டில் நுகத்தடி தூக்கிக்கொள்ளும், முன்னால் போனால் இறக்கத்தில் மாட்டின் கழுத்து போய்விடும். மண்ணெண்ணெய் டின் எப்போதும் வெளியே, பின்பக்கத்துக் கொக்கியில். அரிசியும் மாவும் மெழுகு பூசிய பையில். பீங்கான் தட்டுகளுக்கு இடையில் வைக்கோல் வேண்டாம், அது ஈரத்தை இழுக்கும். பழைய கம்பளித் துண்டு போதும். துரை இருட்டில் கையை நீட்டினால் தீப்பெட்டி கையில் தட்டுப்பட வேண்டும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம்.

வண்டியை ஓட்டியவர் மாரிமுத்து அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மனைவி செல்லம்மா கொழுந்து எடுத்தார். ஒரே மகள், பெயர் அஞ்சலை. அண்ணன் ஓயாமல் பேசுவார். நான் பேசாமலிருப்பது அவருக்குப் பெரிய வேடிக்கை.

"என்னா தம்பி, வாயிக்கும் ஒரு பூட்டு போட்டுச் சாவியத் துரைகிட்ட குடுத்துட்டியா?" என்பார்.

நான் சிரிப்பேன்.

"அட, சிரிக்கிறதுக்காவது தொறக்குதே. அது போதும்டா சாமி."

பெரகல சந்தியில் தேநீர் குடிக்க நிறுத்தினால் எனக்கும் சேர்த்து அவரே கேட்டு வாங்கித் தருவார். கடைக்காரரிடம், "இவரு பெரிய எடத்துப் புள்ளைங்க, பேசுனா நமக்குத்தான் செலவு" என்று சொல்லுவார்.

எண்ணெய் கொடுப்பது

இது பட்டறைக்காரர்கள் கேட்டது.

புதுக் கித்தானை முதலில் ஊறப்போட்டுத் துவைத்துக் கஞ்சியைப் போக்க வேண்டும். கஞ்சி இருந்தால் எண்ணெய் நூலுக்குள் இறங்காது. நன்றாகக் காய்ந்த பின் நான்கு பக்கமும் இழுத்துக் கட்ட வேண்டும். லின்சீட் என்கிற ஆளிவிதை எண்ணெயை மெல்லிய நெருப்பில் சூடாக்கி, தேன்மெழுகும் கொஞ்சம் குங்கிலியமும் கரைத்து, இளஞ்சூட்டில் துணிப்பந்தால் தேய்க்க வேண்டும். ஊற்றக் கூடாது. மெல்லிசாக ஒரு கை தேய்த்து, அது காய்ந்த பின் அடுத்த கை. அவசரப்பட்டுத் தடிப்பாகப் பூசினால் மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுக்கும். தையல் ஓடிய இடங்களில் மெழுகுக் கட்டியை வைத்து அழுத்தித் தேய்க்க வேண்டும். மழை முதலில் நுழைவது ஊசித் துளை வழியாகத்தான்.

எங்கள் பக்கத்தில் ஐப்பசி பிறந்தால் மழை விடாது. அதனால் ஆவணி, புரட்டாசிக் காற்றிலேயே இந்த வேலையை முடிக்க வேண்டும். எங்கள் கொட்டகை பள்ளத்தில் இருந்தது, காற்று வராது. பங்களாத் தோட்டத்தின் ஓரத்தில் இரண்டு சவுக்கு மரங்களுக்கு இடையில் கயிறு கட்டி அங்கேதான் தாழ்வாரக் கித்தானைக் காயப் போடுவோம்.

அந்த வருஷம் இரண்டாவது கை கொடுத்து, அது இன்னும் விரலில் ஒட்டிக்கொண்டிருந்த நேரம். ஆயுத பூசை நாள் காலையில் கணக்கப்பிள்ளை ஓடி வந்தார். தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி எங்களை ஏவுகிறவர் அவர்தான்.

"டேய், அந்தத் துணிய அவுருங்கடா. துரைசானி கத்துது. சாயந்தரம் வெளியூர்த் துரைமாரெல்லாம் தேத்தண்ணிக்கு வாராங்களாம். நாத்தம் தாங்கலியாம்."

"இன்னும் காயலீங்க" என்றார் மாரிமுத்து அண்ணன்.

"காஞ்சா என்னா, காயாட்டி என்னா? துரையே சொல்லிட்டாரு. மடிச்சி வண்டிக்குள்ள வச்சி மூடுங்க. நாத்தம் வெளிய வரக் கூடாது."

"ஒட்டிக்கும்ங்க ஐயா. நாலு நாளு காத்து வேணும்."

"நாலு நாளு காத்த நீயே துரைகிட்டப் போயி வாங்கிட்டு வா. போடா."

மடித்தோம். கித்தான் பெரியது என்பதால் மடிப்பு தலையணை போலத் தடித்திருந்தது. தேய்த்த துணிப்பந்துகளையும் அதனுடனேயே கட்டிலுக்கு அடியில் தள்ளிக் கதவைச் சாத்தினோம். எண்ணெய் பிசுபிசுப்போடு மடித்தால் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது பூச்சு உரியும் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. துரைக்கும் தெரியாது.

பூசை

பூசை மத்தியானம் நடந்தது. கத்தி, மண்வெட்டி, கொழுந்துக் கூடை எல்லாம் கழுவிச் சந்தனம் வைத்தார்கள். கேம்ப் வண்டியின் சக்கரத்துக்கும் நுகத்தடிக்கும் மாலை போட்டோம். வண்டி என்பது ஓர் ஆயுதம் இல்லை, அதற்குள் பல ஆயுதம் இருக்கிறது என்பது மாரிமுத்து அண்ணனின் கட்சி. அதனால் சூடத் தட்டோடு உள்ளே ஏறி, துரையின் துப்பாக்கிக்கு, விளக்குக்கு, என் கோணி ஊசிப் பெட்டிக்கு, அரிசிப் பைக்குக்கூடத் தனித்தனியாகக் காட்டினார்.

"சீக்கிரம் எறங்குங்கண்ணே, சுண்டல் ஆறுது" என்று கீழே இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள்.

"இருங்கடா, வருஷம் பூரா நம்மள காப்பாத்துற சாமானுங்க. ஒண்ணு விட்டா கோவிச்சிக்கும்."

இறங்கினார். கதவைச் சாத்தினார். பூசணிக்காய் உடைத்தார்கள். எல்லாரும் எங்கள் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்குப் போனோம்.

பொழுது சாய்கிற நேரத்தில் மாடு கத்தும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கூண்டின் இடுக்குகளில் புகை. கதவைத் திறந்தவுடன் குப்பென்று பற்றிக்கொண்டது. எண்ணெயும் மெழுகும் ஏறிய கித்தான், சொல்ல வேண்டுமா? மாடுகளை அவிழ்த்துவிட்டோம். வாளி வாளியாக ஊற்றியும் மிஞ்சியது சக்கரத்து இரும்புப் பட்டையும் வளையங்களும்தான். மாரிமுத்து அண்ணனின் இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோயிற்று. துரையின் துப்பாக்கியை வெளியே எடுக்கப் போனதில் பட்டது அது.

தேத்தண்ணிக்கு வந்த துரைமார்களோடு எங்கள் துரையும் வந்து நின்றார். அவருக்குத் தோட்டத்துத் தமிழ் கொஞ்சம் வரும்.

"யாரு உள்ளே நெருப்பு கொண்டு போனது?"

மாரிமுத்து அண்ணனே முன்னால் வந்தார்.

"நாந்தாங்க தொரை. சூடம் காட்டுனேன். பொறி விழுந்திருச்சி போல. நான் பாக்கலீங்க."

"சாமி கும்பிடு, ஒன் வீட்டுலே கும்பிடு. என் வண்டிலே நெருப்பு என்னாத்துக்கு?"

அவ்வளவுதான் விசாரணை. அந்த வாரத்திலேயே அவருக்குத் தோட்டத்தில் இடம் இல்லை என்று ஆயிற்று. கொட்டகையிலும் ஃபெக்டரியிலும் இனிமேல் ஆயுத பூசை கிடையாது என்றும் துரை சொல்லிவிட்டார். இதுதான் லயத்து ஆட்களுக்குப் பொறுக்கவில்லை. துரை மேல் வர வேண்டிய கோபம் முழுவதும் அண்ணன் மேல் வந்தது.

"சாமிக்குச் சூடம் காட்டச் சொன்னா கொள்ளி வச்சிட்டு வந்திருக்கான்" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் செல்லம்மா காதுபடவே பேசினார்கள். குடத்தை நகர்த்தி அவருக்கு இடம் கொடுக்க மறுத்தார்கள்.

புறப்படுகிற அன்று அண்ணன் என்னிடம் வந்தார். கையில் வாழையிலை சுற்றியிருந்தது.

"தம்பி, ஒனக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். மன்னிச்சிக்க. எனக்குக் கண்ணு மங்குது போலருக்கு. பொறி விழுந்தது தெரியலியே."

அஞ்சலை பாய்ச் சுருளைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் அவருக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது? நானும் பொறிதான் விழுந்தது என்று நம்பினேன்.

கையில் சுட்டது

அடுத்த வருஷத்துக்குள் பதுளைத் தச்சர்கள் புது வண்டி செய்து கொடுத்தார்கள். புதுத் தாழ்வாரக் கித்தானுக்கு நான் எண்ணெய் கொடுத்தேன். காயும் முன்பே ஒரு காலையில் திடீர் மழை. அவிழ்த்து மடித்துக் கொட்டகைப் பரணில் போட்டுவிட்டு வேறு வேலையாகப் போனேன். மத்தியானம் மழை விட்டதும் திரும்பக் கட்டுவதற்காகப் பரணில் ஏறி மடிப்புக்குள் கையை விட்டேன்.

சுட்டது.

வெயிலில் கிடந்த சூடு அல்ல. அன்று வெயிலே இல்லை. அடுப்பிலிருந்து இறக்கிய பானையைத் தொட்டது போல இருந்தது. கீழே இழுத்துப் போட்டுப் பிரித்தேன். நடு மடிப்பு பழுப்பேறிக் கருகிப் புகைந்தது. பக்கத்தில் விளக்கு இல்லை, அடுப்பு இல்லை, சூடம் இல்லை. பூசையே இல்லை.

எண்ணெய்த் துணி மடிப்புக்குள் காற்றோட்டமில்லாமல் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டுத் துரையைக் கூட்டி வந்தார். துரை மடிப்புக்குள் கையை விட்டு உடனே எடுத்துக்கொண்டார். அந்தக் கருகிய இடத்தைக் குனிந்து பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

"இனி மடிக்காதே. தொங்கப் போடு" என்றார்.

அதுவரை நான் துரையிடம் வாய் திறந்து பேசியதே இல்லை. அன்று பேசினேன்.

"தொரை, மாரிமுத்து அண்ணன் வைக்கலீங்க நெருப்பு. இதுதாங்க. அவர திரும்பக் கூப்பிடணுங்க."

துரை என்னைப் பார்க்கவில்லை. கணக்கப்பிள்ளையிடம் இங்கிலீசில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"என்னா சொன்னாருங்க?"

"ஒருத்தன வெரட்டிட்டுத் திரும்பக் கூப்பிட்டா நாளைக்கு ஒரு பய மதிக்க மாட்டான்னு சொல்றாரு. அது முடிஞ்சி போச்சி. நீ இதத் தூக்கிக் கட்டு." பிறகு குரலைத் தாழ்த்தி, "மடிக்கச் சொன்னது யாருன்னு கேட்டா, நீ எம் பேரச் சொல்லுவ, நான் யாரு பேரச் சொல்றது? விடுடா" என்றார்.

அந்த மாதமே கித்தான் காயப் போடுவதற்கென்று மேட்டில் தகரக் கூரை போட்டு, நாலு பக்கமும் திறப்பாக ஒரு தனிக் கொட்டகை கட்டினார்கள். வரிசையாகக் கொக்கிகள் அடித்தார்கள். துணிக்கு அவ்வளவு சீக்கிரம் நீதி கிடைத்தது.

லயத்தில் சொல்லிப் பார்த்தேன். நெருப்பில்லாமல் துணி எரியுமா என்று சிரித்தார்கள். கருகிய துண்டைக் காட்டினேன். "அப்ப சாமி குத்தம்தான், வேறென்னா?" என்று ஒரு கிழவர் முடித்துவிட்டார்.

கொஸ்லந்தை ரோட்டில்

மழை முடிந்து தை மாதம் துரை கீழ்க் காணிகளுக்குப் போனார். புது வண்டிக்காரரோடு நானும் போனேன். மாரிமுத்து அண்ணன் ரோட்டு வேலையில் கல் உடைக்கிறார் என்று பெரகல கடையில் சொன்னார்கள். அதனால் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன். கொஸ்லந்தை தாண்டி இறக்கத்தில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்திய இடத்தில் அவர் இருந்தார். அவரும் செல்லம்மாவும் கல் குவியலுக்கு முன் உட்கார்ந்து சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் விரல்கள் தீப்பட்ட இடத்தில் கோணிப் போயிருந்தன. சுத்தியலைக் கயிற்றால் கையோடு கட்டியிருந்தார்.

துரை வண்டிக்குள் படுத்திருந்தார். நான் இறங்கி ஓடினேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக யாரிடமும் பேசியதில்லை.

அண்ணன் சுத்தியலைக் கீழே வைக்க முடியாமல் மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப நான் இல்லியா?"

"நீங்க இல்லண்ணே. சூடமும் இல்ல."

"சாமியும் கோவிச்சிக்கல?"

"துணிதாண்ணே. மடிச்ச துணி."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா புள்ள? நான் இல்லியாம்."

செல்லம்மா கையை நிறுத்தவில்லை. "நீதான்னு நா எப்பயாச்சும் சொன்னேனா? ஊருதானே சொல்லிச்சி. இப்ப அத வச்சிக்கிட்டு என்னா செய்யச் சொல்ற? சோத்துல போட்டுப் பெசையவா?"

"அஞ்சலை எங்கண்ணே?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது, இரண்டு பேர்தான் அங்கே இருந்தார்கள்.

செல்லம்மாதான் பதில் சொன்னார். "கீழ்நாட்டுக் குளிர்காய்ச்சல்ல போயிட்டா. மலையில பொறந்த ஒடம்பு, தாங்கல. இந்த மனுசன் மருந்துக்குக்கூட ஓடல. பூசைய நான் கெடுத்தேன், சாமி புள்ளைய எடுத்துக்கிச்சின்னு மூலையில குந்திக்கிட்டாரு. அப்ப வந்து சொல்லியிருக்கலாம்ல, நீங்க?"

எப்போது என்று கேட்டேன். கார்த்திகையில் என்றார். என் கையில் கித்தான் சுட்டது அதற்கு முந்தின புரட்டாசியில். அண்ணனைத் தேடிப் போக நான் இரண்டு முறை லீவு கேட்டேன். மழைக்கு முன் வண்டி வேலை முடிய வேண்டும் என்று கணக்கப்பிள்ளை விடவில்லை. அதை அவரிடம் சொல்லி என்ன?

தூறல் போட ஆரம்பித்தது. கல் உடைக்கிறவர்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டார்கள். வண்டிக்குள்ளிருந்து துரையின் குரல் வந்தது.

"என்னா நிக்குறது? அது யாரு?"

"மாரிமுத்துங்க தொரை."

துரை கூண்டின் திரையைத் தூக்கிப் பார்த்தார். அண்ணன் எழுந்து நின்று, கட்டிய சுத்தியலோடு இரண்டு கையையும் கூப்பினார். பழக்கம். துரை அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு திரையை இறக்கிக்கொண்டார்.

"வண்டிய விடு" என்றார்.

அன்று மழை நன்றாகப் பெய்தது. வண்டிக்குள் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

பட்டறைக்காரர்களுக்கு

எண்ணெய் கொடுத்த கித்தானைப் பிசுபிசுப்புப் போகும் வரை மடிக்காதீர்கள், சுருட்டாதீர்கள், ஒன்றன் மேல் ஒன்றாகப் போடாதீர்கள். காற்றில் விரித்துத் தொங்கப் போடுங்கள். தேய்த்த துணிகளை மூலையில் குவிக்காமல் தண்ணீர் வாளியில் போடுங்கள். வேறு வழியில்லாமல் மடிக்க நேர்ந்தால் அடிக்கடி மடிப்புக்குள் கையை விட்டுப் பாருங்கள். முதலாளி அவசரப்படுத்துவார். நாற்றம் என்பார், விருந்தாளி என்பார். மடிக்க முடியாது என்று சொல்லுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

அதையும் மீறி எங்காவது பற்றினால், பக்கத்தில் விளக்கோ சூடமோ பிடித்திருந்தவர் நான்தான் செய்தேன் என்று தானாகவே ஒத்துக்கொள்ளக்கூடும். நம் ஆட்கள் அப்படித்தான். அவர் ஒத்துக்கொண்டார் என்பதற்காக விட்டுவிடாதீர்கள். சாம்பலைக் கிளறிப் பாருங்கள். அன்றே பாருங்கள். பிறகு தெரிந்துகொள்ளும் உண்மையால் வண்டிக்கு மட்டும்தான் நன்மை.

ரக்தாட்சி வருஷம், ஐப்பசி மாதம் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.